டூ பாயிண்ட் ஃபோர் எங்கே மேடம்?

கம்ப்யூட்டர் சர்வீஸ் கடைக்கு வருகிறவர்கள் மெஷினைக் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போது கட்டாயம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பார்கள், பிள்ளையை முதல்நாள் எல்கேஜியில் விட்டவர்கள் மாதிரி. என்னைப் போல் இந்தத் தொழிலில் மாட்டிக்கொண்டு முழிக்கும் சகோதர சகோதரிகளுக்கு அந்தப் பார்வையின் அர்த்தம் தெரியும். 'உள்ளே இருப்பதை உருவிவிட்டு வேறு எதையாவது சொருகிவிடுவாளோ' என்று அர்த்தம்.

எங்கள் கடை மேற்கு தாம்பரம் மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு தையல் கடைக்கு மேலே, முதல் மாடியில் இருக்கிறது. நானும் தாஸ் அண்ணனும் கூட்டாளிகள். சால்டரிங், ஸ்க்ரூ டிரைவர் வேலையெல்லாம் அவர். சாஃப்ட்வேர், வாடிக்கையாளரிடம் திட்டு வாங்குதல் இரண்டும் நான். வருகிறவர்கள் என்னைப் பார்த்து "சார் இல்லையா?" என்று கேட்பார்கள். அண்ணன் என்னைக் கை காட்டுவார்.

இப்போது புதுசாக ஒரு வழக்கம் வந்திருக்கிறது. மெஷினை ஒப்படைப்பதற்கு முன்னால் அதன் ஸ்பீடு தெரிகிற பக்கத்தைத் திறந்து வைத்து செல்போனில் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். திருப்பி வாங்கும்போது அதே பக்கத்தைத் திறந்து ஒத்துப் பார்ப்பார்கள். சில பேர் ஓரமாக என் முகமும் விழுகிற மாதிரி எடுப்பார்கள், சாட்சிக்கு.

ஜிஎஸ்டி ரோட்டில் ஒரு கம்பெனி மூடியபோது அங்கிருந்த சிஸ்டங்களை மொத்தமாக வாங்கி, தூசி தட்டி, இலவசமாகக் கிடைக்கிற லினக்ஸ் சாஃப்ட்வேரை ஏற்றி, சேலையூரிலிருந்து கூடுவாஞ்சேரி வரைக்கும் விற்றிருந்தோம். எல்லாம் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். எல்லாவற்றிலும் மூளையாக இருப்பது டூ பாயிண்ட் ஃபோர் ஜிகாஹெர்ட்ஸ் ப்ராசசர். பாதுகாப்புக்காக அவற்றில் கெர்னலைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. கெர்னல் என்பது உள்ளே இருக்கிற மேஸ்திரி. யார், எப்போது, என்ன வேலை செய்ய வேண்டும் என்று சொல்கிற ஆள். பழைய மேஸ்திரி சோம்பேறி. ப்ராசசரின் ஸ்பீடு என்ன என்று கேட்டால் அதன் மேல் அச்சடித்திருப்பதைப் படித்துச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவான். புது மேஸ்திரி, இந்த நொடியில் அது எவ்வளவு வேகத்தில் ஓடுகிறதோ அதைச் சொல்கிறவன். வேலை இல்லாத நேரத்தில் ப்ராசசர் கரண்டை மிச்சம் பிடிக்க வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். வேலை கொடுத்தால் மறுபடி ஓடும். ஆகவே சும்மா இருக்கும் மெஷினில் அந்தப் பக்கத்தைத் திறந்தால், பழைய மேஸ்திரி டூ பாயிண்ட் ஃபோர் என்று சொன்ன இடத்தில், இவன் ஜீரோ பாயிண்ட் எட்டு என்பான்.

இதெல்லாம் எனக்குத் தெரியும். போட்டோ எடுத்து வைத்திருந்தவர்களுக்குத் தெரியாது. என் கஷ்டகாலம் அங்கே ஆரம்பித்தது.

முதல் போட்டோ

முதலில் வந்தவர் கூடுவாஞ்சேரி முருகேசன். ஊரில் அவர் குடும்பம் பயிர் வைத்த நிலமெல்லாம் இப்போது லேஅவுட். அவரே மனை வாங்கி விற்கிறார். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன், வாயில் எப்போதும் சதுர அடி. மெஷினை வாங்கி மேஜையிலேயே போட்டுப் பார்த்தார். போனில் போட்டோவை விரித்தார். திரையைப் பார்த்தார். மறுபடி போட்டோ. முகம் மாறிவிட்டது.

நான் பொறுமையாகத்தான் சொன்னேன். "சார், இது சும்மா இருக்குறதால மெதுவா இருக்கு. வேலை குடுத்தா ஓடும்." ஒரு பெரிய லேஅவுட் மேப்பைத் திறந்து காட்டினேன். எண் ஏறியது. மேப்பை மூடினேன். எண் இறங்கியது. இதைப் பார்த்தாவது சமாதானம் ஆவார் என்று நினைத்தேன். நிலம் விற்கிறவர் முன்னால் அளவு கூடிக் குறைவதைக் காட்டக்கூடாது என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

அவர் இரண்டு போனையும் மேஜைமேல் வைத்துவிட்டுச் சொன்னார்: "மேடம், மூணு கிரவுண்டு குடுத்தேன், ஒரு கிரவுண்டு திருப்பித் தர்றீங்க. கேட்டா, நடந்து பாத்தா மூணு வரும்ன்றீங்க. இந்தப் பேச்செல்லாம் நான் பேசுற பேச்சு மேடம்!"

அனகாபுத்தூர் அக்காவின் வைத்தியம்

அனகாபுத்தூரில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் தனலட்சுமி அக்கா சண்டைக்கு வரவில்லை. நான் சொன்னதை அப்படியே நம்பினார். வேலை கொடுத்தால் ஓடும், கொடுக்காவிட்டால் படுத்துவிடும் என்றேன் அல்லவா? அதற்கு அவரே ஒரு வைத்தியம் கண்டுபிடித்துவிட்டார். மெஷின் படுக்காமல் இருக்க அதற்கு ஓயாமல் வேலை கொடுத்தார். ஒரு மூலையில் சமையல் வீடியோ, இன்னொரு மூலையில் கோயில் நேரலை, கீழே ஒரு சீரியல். மூன்றும் சத்தமில்லாமல் காலையிலிருந்து ஓடிக்கொண்டிருந்தன. எண் இறங்கவே இல்லை. அக்காவுக்கு நிம்மதி.

ஒரு வாரம் கழித்து போன் வந்தது. மெஷின் ரொம்ப மெதுவாக இருக்கிறதாம், ஆதார் பிரிண்ட் எடுக்கக் கூட்டம் தெருவரைக்கும் நிற்கிறதாம். ஓடிப்போய்ப் பார்த்தேன். மேஜைக்கடியில் கேபினட்டின் ஃபேன் மாவு மெஷின் மாதிரி இரைந்துகொண்டிருந்தது. பக்கத்தில் கூலிங்குக்கு ஒரு டேபிள் ஃபேன் வேறு. மூன்று வீடியோவையும் மூடினேன். சத்தம் அடங்கியது, பிரிண்ட் சரசரவென்று வந்தது, எண் ஜீரோ பாயிண்ட் எட்டுக்கு இறங்கியது. வரிசையில் நின்றவர்களுக்குச் சந்தோஷம். அக்காவுக்கு மட்டும் இல்லை.

"ஸ்பீடு ஏறினா வேலை நடக்க மாட்டேங்குது, வேலை நடந்தா ஸ்பீடு எறங்கிகினு போவுது. எனுக்கு ரெண்டுல எது நல்லா கீதுன்னு நீயே சொல்லிட்டுப் போ கண்ணு!"

காலனி முழுவதும்

இதுவரைக்கும் சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டேன். இனிமேல் நடந்தது அப்போது எனக்குச் சிரிப்பாக இல்லை.

சேலையூர் பக்கம் ஒரு காலனி இருக்கிறது. ரிடையர் ஆன ஆசிரியர்கள், ஆபீஸ் போகிறவர்கள், முருங்கை மரம், வாசலில் பெயர்ப்பலகை. எங்கள் பிழைப்பில் பாதி அந்தக் காலனிதான். அதன் சங்கச் செயலாளர் ஞானசேகரன் சார். அரசாங்க ஆபீசில் சூப்பரின்டெண்ட்டாக இருந்து ஓய்வு பெற்றவர். சிலிண்டர் வந்தால் தராசில் தொங்கவிட்டுத்தான் உள்ளே எடுப்பார். வாட்டர் கேனைக் கூட வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே வீடு வீடாக என்னைக் கூட்டிப்போய் எல்லா மெஷினிலும் கெர்னலைப் புதுப்பிக்க வைத்தார். மதியம் அவர் வீட்டில் சாப்பாடு போட்டார்கள். வத்தக்குழம்பு பிரமாதம்.

மறுநாள் சார் தன் பழைய போட்டோவை எடுத்துப் பார்த்திருக்கிறார். எனக்கு ஒரு போன் செய்திருக்கலாம். செய்யவில்லை. சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார், முன்னே, பின்னே என்று தலைப்பு கொடுத்து. ஒவ்வொருவராகத் தங்கள் மெஷினைத் திறந்து பார்த்தார்கள். எல்லா வீட்டிலும் ஜீரோ பாயிண்ட் எட்டு. ஒரு வீட்டில் மட்டும் குறைந்திருந்தால் பழைய மெஷின் என்று விட்டிருப்பார்கள். எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி குறைந்ததும் திட்டம் போட்டுத் திருடியதாக ஆகிவிட்டது. அந்தக் குழுவில் இருக்கும் ஒரு டீச்சரம்மா மனசு கேட்காமல் எனக்கு அதைக் காட்டினார். கடைசியில் சாருடைய செய்தி இருந்தது:

"நமது காலனியில் இதுவரை எத்தனை கணினிகளின் மூளைகள் களவு போயுள்ளன என்பதை உறுப்பினர்கள் இன்று மாலைக்குள் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

பேரீச்சம்பழம்

எனக்கு அழுகை வந்தது. ஏன் மறைக்க வேண்டும்? எங்கள் தொழிலில் 'வேலை தெரியாதவள்' என்ற பெயரோடு பிழைத்துவிடலாம், நிறையப் பேர் பிழைக்கிறார்கள். 'பார்ட்ஸ் மாத்துறவ' என்று பெயர் வந்தால் அந்த ஊரில் ஷட்டரைத் திறக்க முடியாது. கேம்ப் ரோட்டில் ஒரு டியூஷன் சென்டர் தன் மெஷின்களையெல்லாம் வருஷம் முழுக்கப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பை எங்களுக்குத் தருவதாக இருந்தது. அதை நம்பித்தான் கடை வாடகையைக் கூட்டித் தர ஒப்புக்கொண்டிருந்தோம். அந்த சென்டர் நடத்துகிறவரின் மாமனார் அதே காலனி. "கொஞ்சம் வெயிட் பண்ணலாம் மேடம்" என்று அவரிடமிருந்து போன் வந்தது. மார்க்கெட்டில் எனக்குத் தெரிந்தவர்கள் சாதாரணமாகப் பார்த்தால்கூட, விஷயம் இவர்களுக்கும் தெரிந்துவிட்டதோ என்று தோன்ற ஆரம்பித்தது.

தாஸ் அண்ணன் வேறு மாதிரி. அவருக்குத் திருட்டுப் பட்டம் வந்ததில்கூட அவ்வளவு வருத்தமில்லை. எதைத் திருடியதாகச் சொல்கிறார்கள் என்பதில்தான் மானம் போய்விட்டது. கையில் இருந்த டீயைக் கீழே வைத்துவிட்டுப் பொரிந்து தள்ளினார்.

"அந்த ப்ராசசரைக் கழட்டிகினு போய் நா இன்னா பண்றது? பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் குடுக்குறவன்கூட எடுக்கமாட்டான்! திருடன்னு சொல்லட்டும் மேடம், பேஜாரு இல்ல. ஆனா திருடுறதுலகூட நமக்கு ஒரு தரம் கீதுன்னு இவங்களுக்குத் தெரிய வாணாமா?"

எனக்காகப் பேச வந்த பெண்

அதே காலனியில் நிவேதா என்று ஒரு பெண். கேளம்பாக்கம் பக்கம் ஒரு பெரிய சாஃப்ட்வேர் கம்பெனியில் வேலை. தினம் கம்பெனி பஸ்ஸில் போய் வருகிறவள். கெட்டிக்காரி. கெர்னல் என்றால் அவளுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அவள் அம்மாவின் மெஷினும் 'களவு போன' பட்டியலில் இருந்ததால் அவளிடம் போய், "நான் சொன்னா நம்ப மாட்டேங்குறாங்கம்மா, நீ சொல்லு" என்று கெஞ்சினேன். இதைப் பேசுவதற்கென்றே சங்கத்தில் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் வைத்திருந்தார்கள். அதற்கு முன்னாலேயே நாலு பேரிடம் பேசிவிடுவதாகச் சொன்னாள்.

சொன்னபடியே சனிக்கிழமை சாயங்காலம் பார்க் பெஞ்சில் உட்கார்ந்திருந்த பெண்களிடம் பேசினாள். நானும் பக்கத்தில் நின்றேன். நன்றாகத்தான் தொடங்கினாள். "ஆன்ட்டி, வாணி அக்கா மேல மிஸ்டேக்கே இல்ல. இப்ப காட்டுறதுதான் கரெக்ட் ஃபிகர். முன்னாடி காட்டினதுதான் ஆக்சுவலா தப்பு. அது எப்பவுமே டூ பாயிண்ட் ஃபோர்னு பொய் சொல்லிட்டிருந்தது." அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை. நான் மட்டும் இவ்வளவு நாள் அந்த உண்மையை அவ்வளவு பச்சையாக யாரிடமும் சொன்னதில்லை.

பெஞ்சின் ஓரத்தில் இருந்த மாமி என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு நிதானமாகக் கேட்டார்: "அப்போ இப்ப மட்டும் இல்ல, ஆரம்பத்துலேர்ந்தே ஏமாத்திண்டுதான் இருந்திருக்கேளா?"

கூட்டம்

ஞாயிறு காலை சங்கத்து ஹாலில் கூட்டம். பேசிப் புரியவைக்க முடியாது என்று தெரிந்துவிட்டதால் தாஸ் அண்ணனையும் ஸ்க்ரூ டிரைவரையும் கூட்டிக்கொண்டு போனேன். ஞானசேகரன் சாரின் மெஷினையே நடு மேஜையில் வைத்துப் பிரித்தோம். கேபினட்டைத் திறந்து, ஃபேனைக் கழற்றி, ப்ராசசர் மேல் அப்பியிருந்த சாம்பல் நிறப் பசையை தாஸ் அண்ணன் பஞ்சால் துடைத்தார். மாடலும் வேகமும் பொறித்த எழுத்துக்கள் மெல்ல வெளியே வந்தன. "சார், நீங்களே படிங்க" என்றேன். அவர் போன் டார்ச்சை அடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, உரக்கப் படித்தார். டூ பாயிண்ட் ஃபோர்.

முடிந்தது என்று மூச்சு விட்டேன். சார் விடவில்லை. "மேல எழுதியிருக்குறது இருக்கட்டும்மா. வேலை செய்யறப்ப அந்த ஸ்பீடு எங்க?" என்றார். அங்கே எனக்குப் பொறுமை போய்விட்டது. ஒரு வாரமாகத் தூங்கவில்லை. "சார், நீங்க மத்தியானம் சாப்பிட்டுட்டு ஈசிசேர்ல சாயும்போது உங்க ஸ்பீடு என்ன சார்? அப்ப வந்து போட்டோ எடுத்துட்டு, ஞானசேகரன் சாரோட மூளையைக் காணோம்னு குரூப்ல போட்டா ஒத்துப்பீங்களா?" சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். காலனியே கைவிட்டுப் போனது என்றுதான் நினைத்தேன். வத்தக்குழம்பு பரிமாறின அவர் மனைவி பின்வரிசையிலிருந்து சத்தமாகச் சிரித்துவிட்டார்.

"நீ வேறம்மா! இவர் முழிச்சிருக்கும்போதும் அதே ஜீரோ பாயிண்ட் எட்டுதான்!"

பரிசீலனை

ஹாலே சிரித்தது. ஆனால் சிரித்ததோடு சரி. சார் தொண்டையைச் செருமிக்கொண்டு, விஷயம் பரிசீலனையில் இருப்பதாக அறிவித்துக் கூட்டத்தை முடித்தார். பரிசீலனை என்றால் என்ன அர்த்தம் என்று அரசாங்க ஆபீசுக்குப் போய்வந்த எல்லோருக்கும் தெரியும். நான் திருடவில்லை என்று அவர் சொல்லவில்லை. திருடினேன் என்றும் சொல்லவில்லை. காலனியிலிருந்து போன் வருவது நின்றுபோனது. டியூஷன் சென்டரும் வாயைத் திறக்கவில்லை. நானும் தாஸ் அண்ணனும் வேலை இல்லாமல், துடைத்து வைத்த கீபோர்டுகளையே மறுபடி துடைத்து வைத்துக்கொண்டிருந்தோம்.

அப்போது அடுத்த கெர்னல் வந்தது. இதை நான் போய் ஏற்றவில்லை. இன்டர்நெட்டில் தானாகவே எல்லா மெஷினுக்கும் வந்து உட்கார்ந்துகொண்டது. இந்த மேஸ்திரி மூன்றாவது ரகம். ஸ்பீடு பக்கத்தைத் திறந்தாலே ப்ராசசருக்கு அது ஒரு வேலை. வேலை வந்ததும் அது கொஞ்ச நேரம் தம் கட்டி, அச்சடித்ததற்கு மேலேயே ஓடும். மேஸ்திரி சரியாக அந்த நேரம் பார்த்து எண்ணை எடுத்துச் சொல்லிவிடுகிறான். எல்லோர் திரையிலும் த்ரீ பாயிண்ட் டூ! எனக்கு இது தெரியவே தெரியாது. முதலில் தெரிய வந்தது கூடுவாஞ்சேரியிலிருந்துதான். முருகேசன் குரலில் தேன் வழிந்தது.

"மேடம், மூணு கிரவுண்டு குடுத்தேன், இப்ப அளந்தா நாலு வருது. பக்கத்து மனை யாருதுன்னு நான் கேக்க மாட்டேன். நீங்களும் யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க!"

மைசூர்பாகு

அன்று சாயங்காலமே ஞானசேகரன் சார் கடைப் படியேறி வந்தார், கையில் மைசூர்பாகு பெட்டியோடு. நாற்காலியைத் துடைத்துப் போட்டேன். உட்கார்ந்து, முதலில் தன் போனை நீட்டினார். குழுவில் அவர் போட்டிருந்த செய்தி. சங்கத்தின் தொடர் வலியுறுத்தலின் பேரில் எல்லா உறுப்பினர்களின் கணினிகளும் முன்பைவிட உயர்ந்த வேகத்துக்கு மாற்றித் தரப்பட்டிருப்பதாகவும், குறையை மனமுவந்து சரிசெய்த வாணிக்கு நன்றி என்றும் எழுதியிருந்தார். கீழே கைகூப்பிய படங்கள் வரிசையாக நின்றன. அந்தப் பெஞ்சு மாமியும் கைகூப்பியிருந்தார்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை, இவர்கள் மன்னித்துவிட்டார்கள். "சார், அன்னிக்கும் நான் எதையும் எடுக்கல. இன்னிக்கும் எதையும் வைக்கல. நீங்களே டார்ச் அடிச்சுப் படிச்சீங்களே, அதே சிப்தான் சார் இது!" என்றேன். அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்த்து உருகிப்போனார். தப்பை உணர்ந்து அழுகிறேன் என்று நினைத்திருக்க வேண்டும். தாஸ் அண்ணன் மேஜைக்கடியில் என் காலை மிதித்தார். அதற்குள் என் போன் அடித்தது. டியூஷன் சென்டர்க்காரர். நாளைக்கே வந்து மெஷின்களைப் பார்த்துவிடும்படி சொன்னார், கூடவே தயங்கித் தயங்கி, "எங்களுக்கும் அந்த த்ரீ பாயிண்ட் டூ போட்டுருங்க மேடம்" என்றார். போனை வைத்துவிட்டு நிமிர்ந்தேன். சார் எழுந்து நின்று பெட்டியை என் பக்கம் தள்ளினார்.

"விடும்மா, நான் யாரையும் அந்தப் பழைய விஷயத்தைக் கிளற விட மாட்டேன். மனுஷன்னா தப்பு பண்றதுதான். நீ திருத்திக்கிட்டியே, அதான் பெரிசு!"

வேகம் குறைவாகத் தெரிந்தபோது நான் திருடியவள், கூடுதலாகத் தெரியும்போது நான் திருந்தியவள். அந்தச் சிப் மட்டும் அன்றைக்கும் இன்றைக்கும் அதே சிப்பாக, சார் வாட்ஸ்அப்புக்கு அறிக்கை அடிக்கிற நேரத்தில் ஓடியும் அவர் ஈசிசேரில் சாய்ந்த நேரத்தில் தூங்கியும் தன் பாட்டுக்குக் காலம் தள்ளிக்கொண்டிருக்கிறது.